ரிசல்ட் வந்த மறுநாள் காலை

தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். "மூன்று வாரம் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன் அக்கா, எங்கள் பூத்திலேயே தோற்றுவிட்டோம். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் எழுந்திருக்கவே மனசு வரவில்லை. நீங்கள் இத்தனை தேர்தல் பார்த்தவர், அந்தக் காலையில் என்ன நினைப்பீர்கள்? சனங்களே ஐந்நூறு ரூபாய்க்கு விற்றுவிட்ட பிறகு இந்த வேலை எதற்கு? பேசாமல் பெங்களூருக்கே திரும்பிப் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானது. ஒரு வரியில் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் நினைத்துப் பார்க்கும் காலை 2021 மே 3, திங்கட்கிழமை. முந்தின நாள் ஓட்டு எண்ணிக்கை. நம் தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிக்கும் செட்டிக்கரை பொறியியல் கல்லூரியில்தான் எண்ணினார்கள். கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று காட்டினால், இல்லையென்றால் இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் ஏஜெண்டை உள்ளே விட்டார்கள். நான் ஒரு மேசைக்கு முன்னால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு மெஷினையும் திறந்து காட்டக் காட்ட நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். மதியத்துக்குமேல் பேனா ஓடவில்லை. மாநிலத்தில் ஆட்சி மாறிவிட்டது என்று போனில் செய்தி வந்தபடி இருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஐந்துக்கு ஐந்தும் அந்தப் பக்கம். அதிமுக மூன்று, பாமக இரண்டு. அரூரில் எங்கள் கூட்டணி சார்பில் நின்றது மார்க்சிஸ்ட் கட்சி. 2006இலும் 2011இலும் அந்தக் கட்சி ஜெயித்த தொகுதி அது. அதுவும் போயிற்று.

மாநிலத்தில் ஜெயித்துச் சொந்த ஊரில் தோற்றவர்களுக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்றே தெரியாது. சென்னையிலிருந்து தோழர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். நான் அரூர் வந்து சேர்ந்ததும் மாஸ்க்கைக் கழற்றாமலேயே படுத்துவிட்டேன்.

காலையில் நாலரைக்கு விழிப்பு வந்தது. எழுந்து வாசல் பெருக்கினேன். எதிர்வீட்டு மதில்மேல் எங்கள் வேட்பாளரின் போஸ்டர் பாதி கிழிந்து தொங்கியது. அதைக் கிழித்தது யாராக இருக்கும் என்று என் மனம் ஒரு நிமிஷம் பட்டியல் போட்டுப் பார்த்தது. அப்புறம் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். பூத் பூத்தாகப் பார்த்தேன். நான் பத்து வருஷமாகப் போய்வரும் ஒரு கொட்டாய், அதாவது ஒரு சின்னக் குடியிருப்பு, இருக்கிறது. அங்கே ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்தது, தண்ணீர்த் தொட்டிக்காகச் சாலையில் உட்கார்ந்தது எல்லாம் நாங்கள்தான். அந்த பூத்தில் நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட விழவில்லை. உனக்கு வந்த அதே சொல்தான் எனக்கும் நாக்கில் வந்தது. விற்றுவிட்டார்கள்.

ஏழு மணி இருக்கும். அந்தக் கொட்டாயிலிருந்தே ஒரு பெண் வந்தாள். புளி தட்டுகிற சீசன். விரல் நுனியெல்லாம் புளி ஏறிக் கறுத்திருந்தது, நகத்துக்குள் நார். மஞ்சள் பையிலிருந்து நூறு நாள் வேலை அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்களாம், கேட்டால் மேலே கேள் என்கிறார்களாம். நான் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "நா உங்களுக்குப் போடலக்கா. எங்க ஊட்டுக்காரரு புள்ள தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். டீ போட உள்ளே போய்விட்டேன். பால் பொங்கி வருவதற்குள் கோபம் இறங்கி, அந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. ஜெயித்தவர் வீடு அவள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே போகாமல், தோற்றவள் வீட்டுக்கு, தோற்ற மறுநாளே ஏன் வந்தாள்? அட்டையை என்னிடம் கொடுத்தால் காரியம் நடக்கும், நடக்காவிட்டாலும் நான் அவளை விரட்ட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை அவளிடம் இருந்தது. ஓட்டுக்கான நம்பிக்கைதான் அவளிடம் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நான் வருஷக்கணக்காகக் குழப்பிக்கொண்டிருந்தேன். மனு எழுதிக் கொடுத்தால் ஓட்டு தானாக வரும் என்று ஒரு கணக்கு என் மனத்தின் அடியில் இருந்திருக்கிறது. அது நன்றியை எதிர்பார்க்கிற கணக்கு. ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஓட்டு கேட்கிறவனின் கணக்கும் அதேதான். அவன் ரூபாய் கொடுத்தான், நான் மனு கொடுத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், "விற்றுவிட்டார்கள்" என்ற சொல்லை விட்டுவிடு. பணம் கொடுப்பது குற்றம், கொடுத்தவன்மீது வழக்குப் போடச் சொல்லிப் போராடு. வாங்கியவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் நாளைக்கு அவள் வாசலில் நிற்க உனக்கு முகம் இருக்காது. அவள் வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, யாரிடம் கடன் இருக்கிறது, யார் நிலத்தில் கூலிக்குப் போகிறாள் என்பதெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்தும் விரலில் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டிலேயே அதிக ஓட்டு விழுந்த தொகுதி நம் பாலக்கோடு, 87.33 சதவீதம். 2024 நாடாளுமன்றத் தேர்தலிலும் தருமபுரிதான் முதலிடம், 81.20 சதவீதம். பெங்களூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலை செய்கிறவர்கள் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். ஓட்டை மலிவாக நினைக்கிற சனம் அப்படி வராது.

இன்னொரு தப்பையும் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னால், வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. "தேர்தல் நாடகம்" என்று பேசிவிட்டு நாங்கள் நகர்ந்துவிட்டோம். அந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் அதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது என்றும் கேட்கலாம். அதே ஆண்டு நவம்பர் 1இல் உயர்நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது, 2022 மார்ச் 31இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் தேர்தலுக்கு முந்தின அந்த ஒரு மாதத்தில், அரை ஏக்கர் மானாவாரியும் இரண்டு ஆடும் வைத்துக்கொண்டு மகனை டிப்ளமோ படிக்கவைத்த ஒரு வன்னியர் வீட்டில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று நாங்கள் உட்கார்ந்து யோசிக்கவில்லை. இடஒதுக்கீடு கேட்டு நடந்த 1987 சாலை மறியலில் 21 பேர் செத்த கதையைக் கேட்டு வளர்ந்த வீடு அது. அந்த வீட்டுக்குப் போய், உங்கள் மகனுக்கு வேலை வேண்டும், அதற்கு என்ன செய்யலாம், சட்டம் நிற்க என்ன புள்ளிவிவரம் வேண்டும், அதை ஏன் முன்னமே எடுக்கவில்லை என்று பேசியிருக்க வேண்டும். நாங்கள் சாதியை எதிர்த்துப் பேசினோம். அந்தக் கூரைக்குக் கீழே இருந்த வறுமையைப் பற்றிப் பேசவில்லை. காலனியில் பேசுவது எங்களுக்குப் பழக்கம், ஊருக்குள் பேசுவது பயம். அந்தப் பயம் நாயக்கன்கொட்டாய்க்குப் பிறகு கூடியது. 2012 நவம்பர் 7 சாயங்காலம் நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்று இடத்திலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பீரோவை உடைத்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு அப்புறம் கொளுத்தினார்கள். ஒரு தலித் பையனும் வன்னியர் பெண்ணும் செய்துகொண்ட காதல் திருமணத்துக்காக. அடுத்த வருஷம் ஜூலையில் அந்தப் பையனும் ரயில் பாதை ஓரம் செத்துக் கிடந்தான். அதைப் பார்த்தவர்களுக்கு ஊருக்குள் போய்ப் பேசக் கால் கூசும். ஆனாலும் போகாமல் இருந்தது தப்பு.

காலனி என்றதும், மறுநாள் காலையில் நீ முதலில் போக வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். உன் பூத் ஏஜெண்ட் வீடு.

ஏன் என்று கேட்பாய். ஓட்டுச்சீட்டு இருந்த காலத்தில், பல பூத் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு எண்ண வழி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மெஷின் வந்த பிறகு ஒவ்வொரு பூத்தாகத்தான் எண்ணுகிறார்கள். படிவம் 20 என்ற தாளில் பூத் வாரியாக எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. ஊருக்கு ஒரு பூத், காலனிக்கு ஒரு பூத் என்று இருக்கிற இடங்களில், காலனி யாருக்குப் போட்டது என்பது மறுநாளே ஊருக்கு மனப்பாடம். இது நம் ஆட்களின் கற்பனைப் பயம் கிடையாது. பல மெஷின்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையமே 2008இல் மத்திய அரசிடம் கேட்டது. 2015இல் சட்ட ஆணையமும் அது தேவை என்றது. இன்றுவரை வரவில்லை. 2019இல் அரியலூர் பக்கம் பொன்பரப்பியில் ஓட்டுப்பதிவு நாளிலேயே தலித் வீடுகளை அடித்து நொறுக்கினார்களே, நினைவிருக்கிறதா? சின்னம்தான் அங்கே சண்டைக்குச் சாக்கு.

நம் வேட்பாளர் தோற்றால் வேறு ஊருக்குப் போய்விடுவார். உனக்காக பூத்தில் உட்கார்ந்த பையன் அதே ஊரில், அதே டீக்கடையில், அதே பண்ணையில் கூலிக்கு நிற்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு நான் முதலில் போனது அப்படி ஒரு பையன் வீட்டுக்குத்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் அம்மா களி கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு உருண்டை எடுத்து அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டேன். "ஆராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரு சிரிச்சாங்க, அவ்ளோதான்" என்றான். அந்த இரண்டு பேர் சிரித்ததை அவனால் தாங்க முடிந்ததற்கு, காலையிலேயே ஒரு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு காரணம். தேர்தல் வேலையில் இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியாது.

சரி, இந்த வேலை எதற்கு என்று கேட்டாயே. அதற்கு நான் வாச்சாத்தியைத்தான் சொல்வேன். அரூர்க்காரிக்கு வேறு எதைச் சொல்லத் தெரியும்?

1992 ஜூன் 20. எனக்கு அப்போது பதினாறு வயது. சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற அந்த ஊருக்குள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், ஆடு மாட்டை அடித்துத் தின்றார்கள், கிணற்றைக்கூட விடாமல் பாழாக்கினார்கள். எங்கள் வீட்டில் அதைக் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அரசாங்கம் சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்துக்கொண்டன. தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும், ஒருவர் விடாமல், தண்டனை. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தனை முறையீட்டையும் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது.

விரலை மடக்கி எண்ணிப் பார். 1992க்கும் 2023க்கும் நடுவில் ஆறு சட்டமன்றத் தேர்தல், ஏழு நாடாளுமன்றத் தேர்தல். 1996இல் இரண்டும் சேர்ந்தே நடந்ததால், பன்னிரண்டு மறுநாள் காலைகள். அதில் எத்தனை காலையில் அந்த ஊர்ப் பெண்கள் "நம் பக்கம் ஜெயித்தது" என்று எழுந்திருப்பார்கள்? எந்த ஆட்சியில் அது நடந்ததோ அதே கட்சி 2001இல் திரும்பி வந்தது, 2011 மே மாதத்தில் மறுபடி வந்தது. தீர்ப்பு வந்தது அதற்கு நாலரை மாதம் கழித்து. மே மாத ரிசல்ட்டைப் பார்த்து, இனி எங்கே நீதி என்று அவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால்?

இதில் ஒன்றை நான் விழுங்கிவிட்டுப் போக முடியாது. 2011 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி அதே அதிமுக கூட்டணியில்தான் இருந்தது. அரூரில் நாங்கள் ஓட்டுக் கேட்டது அந்தக் கூட்டணிக்குத்தான். எனக்கு வலித்தது. ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன், பதிலும் சொன்னார்கள். அந்தப் பதில் இன்றுவரை எனக்கு முழுசாகச் செரிக்கவில்லை. ஆனால் கூட்டணி மாறியதற்காக வழக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை. வாய்தா வாய்தாவாக அந்தப் பெண்கள் பஸ் ஏறிப் போனார்கள், கூட ஆள் போனது, வக்கீல் போனார். தேர்தலில் யாரோடு நிற்கிறோம் என்பது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறலாம். வாய்தாவுக்கு யாரோடு போகிறோம் என்பது மாறக் கூடாது. 1996இலிருந்து ஓட்டுப் போடுகிறேன், இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

ஜெயித்த காலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், நீ அதையும் பார்ப்பாய். 2024 ஜூன் 4இல் தருமபுரியில் எங்கள் கூட்டணி 21,300 ஓட்டில் ஜெயித்தது. முதல் சுற்றுகளில் பின்னால் இருந்து, அப்புறம் ஏறி வந்தது, அதனால் சந்தோஷம் இரண்டு மடங்கு. பட்டாசு, லட்டு எல்லாம் உண்டு. மறுநாள் காலை எனக்கு நினைவுக்கு வந்தது கொட்டாங்குச்சி. அந்த வருஷம் பிப்ரவரியில் மொரப்பூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்களே, இரண்டு பேரைக் கைதுகூடச் செய்தார்களே. நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எம்.பி. நம் ஆள் ஆகிவிட்டார் என்பதால் எந்தத் தோட்டத்திலும் ஒரு டம்ளர் கூடியிருக்காது. அந்த வாரம் கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டேன், பாதிப் பேர் வரவில்லை. ஜெயித்தாயிற்றே அக்கா, இனி என்ன என்றார்கள். தோற்ற காலையில் ஆள் சோர்ந்து உட்காரும். ஜெயித்த காலையில் ஆள் வீட்டுக்குப் போய்விடும். இரண்டில் எனக்குப் பின்னதுதான் அதிகக் கவலை.

மனம் மட்டும் போதாது என்பதால் கைவேலையையும் சொல்கிறேன். மைக் செட் ஆட்டோவுக்கு, டீக்கடைக்கு, நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸுக்குப் பாக்கி இருந்தால் அந்த வாரமே தீர்த்துவிடு. தோற்ற கட்சி கடனை இழுக்கும் என்ற பேச்சு ஒரு தேர்தலுக்கு நிற்கும். நீ ஒட்டிய போஸ்டரை நீயே கிழித்து எடு, குறிப்பாகப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியதை. ஓட்டுக் கேட்கப் போன வீடுகளுக்கு இன்னொரு தடவை போ. போட்டார்களா என்று கேட்காதே. பிரசாரத்தில் அவர்கள் உன்னிடம் சொன்ன குறையைக் குறித்து வைத்திருப்பாய், அதைக் கேள். தண்ணீர் வருகிறதா, பட்டா வந்ததா என்று. மூன்று வாரம் நாம் அவர்கள் வாசலில் நின்றது சின்னத்துக்காக மட்டும்தானா என்று அவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், அந்தப் புளி தட்டும் பெண்ணின் அட்டை. வேலை கேட்டு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும், தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும், பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்கச் சட்டம் இருந்தது. ரசீது தர மாட்டேன் என்றார்கள். அவளும் நானும் ஏரிக்கரை வேலைக்குப் போகும் இன்னும் பதினோரு பெண்களும் அந்த ஆபீஸ் படியில் உட்கார்ந்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி ரசீது வந்தது. பட்டியலில் பெயர் ஏற மூன்று மாதம் ஆனது. அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேர் எங்களுக்கு ஓட்டுப் போடாதவர்கள் என்று அவர்களே படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து யார் வீட்டில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்துதான் வருகிறார்கள். 2024இல் அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

பெங்களூருக்குப் போகட்டுமா என்று கேட்டாய். போ. உன் வீட்டுக் கடனை இயக்கம் கட்டாது. சம்பளம் வருகிற கை இருந்தால்தான் யாருக்கும் தலை குனியாமல் பேச முடியும். நானே தையல் மெஷினை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை நடக்கிறது. அதில் இரண்டுக்காவது லீவு போட்டு ஊருக்கு வா. உங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனுவை நான் எழுதி வைக்கிறேன். ஊருக்குள் இருக்கிற வீடுகளிலும் கையெழுத்து வாங்க வேண்டும், அந்த வீடுகளுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். வருவதற்கு முந்தின நாள் போன் பண்ணு, களி கிளறி வைக்கிறேன்.